பட்டறை அறையைத் திறந்து விடுங்கள்: திருகோணமலைக் கல்வி அதிகாரிகளுக்கும் அதிபர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும் வணக்கம்.

நான் திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். கடற்கரைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பட்டறை, அதில் 22 வருடமாக இதே வேலை. என்னுடைய மகள் இப்போது தரம் 9 படிக்கிறாள். தரம் 10க்கு எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று கேட்டு ஒரு படிவம் போன கிழமை வீட்டுக்கு வந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு இரண்டு இரவு யோசித்தேன். யோசித்ததை உங்களிடம் சொல்லாமல் விட்டால் அடுத்த வருடமும் இதே படிவம் இதே மாதிரி இன்னொரு வீட்டுக்குப் போகும் என்று பட்டது, அதனால்தான் அதில் இருக்கிற தொழினுட்பப் பாடங்களைப் பற்றியும், அவற்றுக்கென்று கட்டிவிட்டுப் பூட்டி வைத்திருக்கிற பட்டறை அறைகளைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரம் 11 முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு என்னிடம் வேலை பழக வந்தவன். வடிவமைப்பும் மின், இலத்திரனியல் தொழினுட்பவியலும் என்ற பாடத்தில் ஏ எடுத்தவன், கெட்டிக்காரன், நல்ல மரியாதையான பிள்ளை. ஒரு படகின் பற்றரியைக் காட்டி, "தம்பி, இதில எத்தனை வோல்ற்று இருக்கெண்டு பார்" என்று மஞ்சள் மல்ரிமீற்றரைக் கையில் கொடுத்தேன். குமிழைச் சரியாகத்தான் திருப்பினான், நேரோட்டம், 20 வோல்ற்று. ஆனால் அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் மின்னோட்டம் அளந்திருந்தேன், சிவப்பு வயர் 10 அம்பியர் துளையிலேயே இருந்தது, அதை அவன் பார்க்கவில்லை. முனையைப் பற்றரியில் வைத்ததும் சடாரென்று ஒரு பொறி. ஊசி முனை உருகிக் கறுத்துப் போய்விட்டது. பையன் இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான், கை நடுங்கியது. நான் ஏசவில்லை, மீற்றரை இன்னொன்று வாங்கலாம். "பள்ளிக்கூடத்தில இதைப் பிடிச்சு அளக்கேல்லையா?" என்று மட்டும் கேட்டேன். "படம் கீறியிருக்கிறன் அண்ணா, கையில பிடிச்சதில்லை" என்றான்.

அப்புறம் அவனே சொன்னான், அம்பியர்மானியைச் சுற்றோடு தொடராக இணைக்க வேண்டும், வோல்ற்றுமானியைச் சமாந்தரமாக இணைக்க வேண்டும், அம்பியர்மானியின் தடை மிகக் குறைவு, அதைப் பற்றரிக்குக் குறுக்கே வைத்தால் குறுஞ்சுற்று என்று. ஒரு எழுத்துப் பிழையில்லாமல் சொன்னான். எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்தது கைக்கு வந்து சேரவில்லை. இரண்டு வருடம் அந்தப் பாடம் படித்திருக்கிறான், அந்த இரண்டு வருடத்தில் ஒரே ஒரு நாள், ஒரு பாடவேளை, ஒரு பழைய பற்றரியும் ஒரு மீற்றரும் அவன் கையில் கொடுத்திருந்தால் அந்தப் பொறி பள்ளிக்கூடத்திலேயே பறந்திருக்கும், அவனும் அதை வாழ்நாள் முழுக்க மறந்திருக்க மாட்டான்.

பாடத்தில் குறை இல்லை என்பதை நான் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். மகளுக்காக அரசாங்கப் பாடநூல்களை இரவல் வாங்கிப் பார்த்தேன். வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும், வடிவமைப்பும் மின், இலத்திரனியல் தொழினுட்பவியலும் என்று மூன்று பாடம், பிள்ளை ஒரு பாடத்தைத் தெரிவு செய்கிற மூன்றாம் தொகுதியில் இருக்கின்றன. உள்ளே இருப்பது நல்ல சரக்கு. கொங்கிறீற்றுக் கலவைக்கு சீமெந்து 1, மணல் 2, கல் 4 என்று ஏன் போடுகிறோம், இரண்டடிப்பு எஞ்சினுக்கும் நான்கடிப்பு எஞ்சினுக்கும் என்ன வித்தியாசம், ஒரு பொருளை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பார்த்து எப்படிக் கீறுவது, இதெல்லாம் நான் அடியும் ஏச்சும் வாங்கி ஆறு ஏழு வருடத்தில் பொறுக்கிச் சேர்த்த விஷயங்கள், பிள்ளைகளுக்கு இலவசமாக அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். எழுதிய ஆட்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நீச்சலைப் புத்தகத்தில் படிக்கிற மாதிரித்தான் இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். சாதாரண தரத்தில் சங்கீதத்துக்குச் செய்முறைப் பரீட்சை இருக்கிறது, பிள்ளை பாடிக் காட்ட வேண்டும். நடனத்துக்கு ஆடிக் காட்ட வேண்டும். மரம் சீவுகிற சீவுளியைப் பிடிக்கிற பாடத்துக்கு 40 பல்தேர்வு வினா, பிறகு ஓர் எழுத்து வினாத்தாள், அவ்வளவுதான். இதே பிள்ளை உயர்தரத்தில் தொழினுட்பத் துறைக்குப் போனால், 2013ல் தொடங்கிய துறை அது, அங்கே பொறியியற் தொழினுட்பவியலுக்குச் செயன்முறைப் பரீட்சை காத்துக்கொண்டு நிற்கிறது. பதினேழு, பதினெட்டு வயதில் முதல் தரமாக, தடிப்பு அளக்கிற வேணியர் இடுக்கியைத் தொட்டு, அதே கையோடு பரீட்சைக்குப் போய் நின்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருந்த காலத்தில் ஒரு பாடசாலையின் பட்டறை அறையைத் திறந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. பெயர் சொல்ல மாட்டேன், அந்த அதிபர் நல்ல மனிதர், யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. திறப்பு எங்கே என்று தேடவே கால் மணித்தியாலம் போனது. உள்ளே போனால் இரண்டு நல்ல வேலைமேசை, ஓரத்தில், சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் பூட்டியிருக்கிறது. அலுமாரியில் சீவுளிகள், உளிகள், மூலைமட்டம், ஒரு துளைபொறி. சீவுளியை எடுத்துப் பார்த்தேன், கொம்பனியில் பூசிய கிறீஸும் சுற்றிய கடதாசியும் அப்படியே இருந்தன. அலகு ஒரு தரமாவது மரத்தைத் தொட்டிருக்காது. உப்புக் காற்று எங்கள் ஊரில் எதையும் விட்டு வைக்காது என்பது உங்களுக்குத் தெரியும், கிறீஸ் விடுபட்ட மூலைகளில் எல்லாம் செந்துரு ஏறியிருந்தது. பாவிக்காமலே பழுதாகிப் போன சாமான்.

பொறுப்பான ஆசிரியரிடம் தனியே கதைத்தேன். அவர் சொன்ன காரணத்தைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. சாமான் எல்லாம் இருப்புப் பதிவேட்டில் அவர் பெயரில் இருக்கிறது. உளி ஒன்று உடைந்தால், ஒரு வாள் அலகு தொலைந்தால், வருடக் கடைசியில் பொருட்கணக்கெடுப்புக்கு வருகிறவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், சில நேரம் சொந்தக் காசைக் கட்ட வேண்டும். பிள்ளையின் விரலில் ஒரு கீறல் விழுந்தால் பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள். 40 பிள்ளைக்கு இரண்டு வைஸ். பாடவேளை 40 நிமிடம், சாமானை எடுத்து வைத்து, பதிந்து கொடுத்து, திரும்ப எண்ணி வாங்குவதற்குள் மணி அடித்துவிடும். வினாத்தாளிலும் இதற்குப் புள்ளி இல்லை. இத்தனைக்கும் பிறகு ஒரு மனிதர் அறையைப் பூட்டி வைத்துவிட்டுக் கரும்பலகையில் உளியின் படத்தைக் கீறினால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூட்டியது அவர் கை, பூட்ட வைத்தது நடைமுறை. நடைமுறையை மாற்றுகிற அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, அதனால்தான் இந்த மடல் அவருக்கு இல்லாமல் உங்களுக்கு வருகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இந்த மூன்று பாடத்தில் எதை எடுக்கிற பிள்ளையும், சாதாரண தரப் பரீட்சைக்குப் போக முன்னம், தானே யோசித்து, தானே கீறி, தன் கையால் செய்த ஒரு பொருளோடு போக வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள், இரண்டு வருடத்தில். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. கடையில் வாங்கி வந்த மொடலாகவோ அப்பா செய்து கொடுத்ததாகவோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கொழும்பு வினாத்தாளை மாற்றும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதில் இந்தப் பொருளுக்கு உண்மையான புள்ளி வையுங்கள், தவணைப் பரீட்சையிலும் ஒரு பங்கு வையுங்கள். புள்ளி இருக்கிற இடத்துக்குத்தான் பெற்றோரும் பிள்ளையும் போவார்கள், எங்கள் சனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா.

ஒரு பொருள் செய்வதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அந்த மீற்றர் பையனின் கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன். நங்கூரம் போட்டு நிற்கிற படகுக்குள் இரவு மழைத் தண்ணீர் நிறைந்து எஞ்சின் நனைவது எங்களுக்கு வழமையான தலையிடி. வேலைக்கு வந்து நாலு மாதம் கழித்து அவன் கேட்டான், தண்ணீர் ஏறினால் சத்தம் போடுகிற மாதிரி ஒன்று செய்யலாமா என்று. செய் என்றேன். பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டை வட்டமாக வெட்டி மிதவையாக்கினான், அதன் மேல் ஒரு செப்புத் தகடு, மேலே இன்னொரு செப்புத் தகடு, தண்ணீர் ஏறி இரண்டும் தொட்டால் 12 வோல்ற்று பஸர் கத்தும். பட்டறை வாளிக்குள் அருமையாக வேலை செய்தது. படகில் பூட்டினோம். பத்து நாள் கழித்து வந்த ஒரு பெருமழையில் அது கத்தவே இல்லை. கழற்றிப் பார்த்தால் செப்புத் தகட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, கடல் காற்றின் வேலை, மின் போக இடமில்லை. பையனுக்கு முகம் செத்துப் போச்சு.

அன்று இரவு அவன் பாடப் புத்தகத்தைத் திரும்ப எடுத்திருக்கிறான். ஏ எடுத்து முடித்த பாடத்தின் புத்தகத்தை. வடிவமைப்புச் செயன்முறை என்று ஒரு அலகு இருக்கிறதே, தேவையைக் கண்டுபிடி, வரையறைகளை எழுது, தீர்வுகளைக் கீறு, செய், சோதி, திருத்து என்று, அதை முதல் தரமாக விளங்கிப் படித்தேன் என்று மறுநாள் சொன்னான். வரையறை என்ற இடத்தில் உப்பு என்று எழுதாமல் விட்டதுதான் பிழை என்று அவனே கண்டுபிடித்தான். பிறகு கதவு அலாரத்தில் வருகிற காந்த ஆளி, அதாவது காந்தம் கிட்ட வந்தால் மூடுகிற சுவிச் ஒன்றை வாங்கி, பிவிசி குழாய்க்குள் வைத்து இரண்டு முனையையும் பசையால் அடைத்து, மிதவையில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்டினான். இப்போது உலோகம் எதுவும் வெளியே இல்லை, உப்புக்கு வேலை இல்லை. மிதவை மேலே வர, காந்தம் குழாய்க்குக் கிட்ட வர, உள்ளே ஆளி மூடுகிறது. இரண்டு மாரி கண்டுவிட்டது, இன்னமும் கத்துகிறது. இப்படி ஒன்று பிழைத்து, ஏன் பிழைத்தது என்று பார்த்து, திரும்பச் செய்கிற அனுபவம் 15 வயதில் பள்ளிக்கூடத்தில் கிடைத்திருந்தால் இந்தப் பிள்ளை இப்போது எங்கே நிற்பான்?

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, சின்ன விஷயம்தான், ஆனால் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். புத்தகத்தில் பல்மானி என்று இருக்கிறது, கடையில் மல்ரிமீற்றர். புத்தகத்தில் ஆளி, ஊரில் சுவிச். வயரை உருக்கி ஒட்டுகிற சாமானுக்குப் புத்தகத்தில் பற்றாசு, எங்கள் வாயில் ஈயம். இரண்டு சொல்லும் வேண்டும், நல்ல தமிழ்ச் சொல்லை விடச் சொல்லவில்லை, எனக்கே ஆளி என்ற சொல் பிடித்துத்தான் இப்போது பாவிக்கிறேன். ஆனால் பிள்ளை வேலைக்கு வந்து ஒரு கிழமை வரைக்கும் தான் படித்த பற்றாசும் முன்னால் இருக்கிற ஈயமும் ஒன்றே என்று தெரியாமல் திண்டாடுகிறது. சாமானை முன்னால் வைத்து இரண்டு பெயரையும் ஒரு தரம் சொன்னால் போதும்.

எங்கள் மாவட்டத்தைப் போல இந்தப் பாடத்துக்கு ஏற்ற மாவட்டம் வேறு எது என்று எனக்குத் தோன்றவில்லை. என்ன செய்வது என்று தலைப்புத் தேடி அலைய வேண்டியதில்லை. நிலாவெளிப் பக்கம் உப்பளம் இருக்கிறது. கருவாடு காய வைக்கிற ஒவ்வொரு வாடியிலும் இலையானும் நாயும் காகமும் பிரச்சினை, வலை அடித்த ஒரு காயவைக்கும் தட்டைப் பிள்ளைகள் வடிவமைத்துச் செய்யலாம், மரச் சட்டமா அலுமினியமா, எவ்வளவு உயரம், காற்று எப்படிப் போகும், மழை வந்தால் எப்படி மூடுவது என்று யோசிக்கவே ஒரு தவணை போதாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தடவையில் ஏறியபோது என் பட்டறைக்கு வந்த ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி, எஞ்சின் குறைவாகக் குடிக்க என்ன வழி என்பதுதான். ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு எரிகிறது என்று அளக்கிற ஒரு சின்னத் தாங்கியை, கோடு போட்ட போத்தலை, பத்தாம் தரப் பிள்ளை செய்ய முடியும்.

குறிஞ்சாக்கேணியை நான் சொல்லாமல் போக முடியாது. 2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியாவில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகிற, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவை கவிழ்ந்தது, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் செத்தார்கள். யார் பொறுப்பு என்ற கதைக்குள் நான் இங்கே போகவில்லை. நான் சொல்வது வேறு. எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்குகிற ஒரு மிதவை ஏன் நிற்கிறது, எப்போது சரிகிறது, எத்தனை பேர் ஏறலாம், பாரம் ஒரு பக்கம் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு தொட்டித் தண்ணீரும் கொஞ்சக் கூழாங்கல்லும் வைத்து ஒரே பாடவேளையில் காட்டலாம். பிள்ளையே கல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, ஒரு பக்கமாக நகர்த்தி, கவிழ்கிற அந்தக் கணத்தைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த பிள்ளை நாளைக்கு ஒரு படகில் ஏறும் முன் விளிம்புக்கும் தண்ணீருக்கும் எத்தனை அங்குலம் என்று பார்க்கும், பக்கத்தில் நிற்கிறவனையும் நடுவுக்கு வரச் சொல்லும்.

சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடக்கி வைத்தார்கள். சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன, அவற்றைத் திருத்துவது பற்றி எத்தனையோ வருடமாகக் கதை நடக்கிறது. மா ஆலை, சீமெந்து ஆலை, துறைமுகம், புல்மோட்டையில் கனியமணல். இந்த மதில்களுக்குள் போகிற எங்கள் பிள்ளை மூட்டை தூக்கப் போவதா, கையில் மீற்றரோடு போவதா என்பது தரம் 10ல்தான் முடிவாகத் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

என் அப்பா ஒரு கதை சொல்வார். 1972ல் வந்த கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்முன்னிலைப் பாடம் என்று ஒன்று இருந்ததாம், அந்தந்த ஊரில் என்ன தொழில் இருக்கிறதோ அதைப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிப்பது. 1977ல் ஆட்சி மாறியதும் அதையும் கைவிட்டார்கள். அது எல்லா இடத்திலும் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன், எங்கள் பிள்ளையைத் திரும்பவும் வயலுக்கும் கடலுக்குமே அனுப்பப் பார்க்கிறார்கள் என்று பெற்றோர் பயந்ததும் உண்மைதான். அந்தப் பயம் இன்றும் இருக்கிறது, அதை மதிக்க வேண்டும். டொக்டர், எஞ்சினியர் என்று கனவு காண்கிற தாயிடம் போய், உன் பிள்ளைக்குச் சீவுளி பிடிக்கத் தெரிய வேண்டும் என்றால் அவருக்குச் சுடத்தான் செய்யும். ஆனால் எஞ்சினியராகப் போகிற பிள்ளைக்கும் ஒரு போல்ற்று எவ்வளவு இறுக்கினால் உடையும் என்று கை சொல்லித் தர வேண்டும். அதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான், நான் சொன்னால் மெக்கானிக் சொல்கிறான் என்று விட்டுவிடுவார்கள்.

லண்டனில் என் அக்காவின் மகன் இருக்கிறான். அங்கே இதே வயதில் எழுதுகிற ஜிசிஎஸ்ஈ பரீட்சையில் டிசைன் அண்ட் டெக்னாலஜி என்ற பாடத்துக்கு மொத்தப் புள்ளியில் சரி பாதி, 50 வீதம், பிள்ளை தானே வடிவமைத்துச் செய்கிற பொருளுக்கும் அதைப் பற்றிய கோப்புக்கும்தான். அவன் பாட்டிக்கு மருந்து எடுத்து வைக்க ஒரு மரப்பெட்டி செய்தான், மூடி திறக்கிற விதத்தை மட்டும் நாலு தரம் மாற்றினானாம், ஒவ்வொரு தடவையும் பாட்டியிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பார்த்து. வட்ஸ்அப்பில் படம் வந்தபோது என் மகள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக் கொண்டிருந்தாள். அங்கேயும் இந்தப் பாடம் எடுக்கிற பிள்ளைகள் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பாதிப் புள்ளி என்ற ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கலாம்.

சரி, மகளின் படிவத்துக்கு வருகிறேன். அவளுக்கு இயந்திரத் தொழினுட்பவியல் எடுக்க ஆசை. 12 வயதிலிருந்து பட்டறைக்கு வருகிறாள். எஞ்சினின் தண்ணீர்ப் பம்புக்குள் இருக்கிற ரப்பர் இம்பெல்லரை என்னை விட வேகமாகக் கழற்றுவாள், என் விரல் போகாத இடுக்கில் அவள் விரல் போகும், கழற்றிய திருகாணிகளை வந்த ஒழுங்கிலேயே ஒரு துணியில் அடுக்கி வைப்பாள், அந்தப் பழக்கத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடசாலையில் அவளுக்குச் சொல்லப்பட்டது என்ன தெரியுமா, "பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு, மனைப் பொருளியல் எடு, இல்லாட்டி சுகாதாரம் எடு, லேசா ஏ எடுக்கலாம்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அக்கறையில்தான் சொன்னார்கள். மனைப் பொருளியலும் நல்ல பாடம்தான், ஆண் பிள்ளைகளும் படிக்க வேண்டிய பாடம். ஆனால் மூன்றாம் தொகுதியில் ஒரு பாடம்தான் எடுக்கலாம், அந்த ஒன்றை அவள் தெரிவு செய்யட்டும். அன்று வீட்டுக்கு வந்து படிவத்தை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டாள். எந்தப் பாடசாலையிலும் எந்தப் பெண் பிள்ளையிடமும் இப்படிச் சொல்லக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்ப உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொரு பேச்சும் இருக்கிறது, இந்தப் பாடம் கணிதம் ஓடாத பிள்ளைகளுக்கு, மொக்குப் பிள்ளைகளுக்கு என்று. வகுப்பறையிலேயே சொல்கிறார்கள், பிள்ளைகள் காதுபடச் சொல்கிறார்கள். இரண்டடிப்பு எஞ்சினுக்கு 50க்கு 1 என்று எண்ணெய் கலக்க வேண்டும், 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர், 18 லீற்றர் தாங்கிக்கு எவ்வளவு? பிழையாகப் போட்டால் எஞ்சின் நடுக்கடலில் இறுகி நிற்கும். விகிதம் வராத பையன்கள் என்னிடம் வந்து மூன்று மாதத்தில் விகிதத்தைத் தடுமாறாமல் சொல்கிறார்கள், ஏனென்றால் இங்கே விடை பிழைத்தால் சத்தம் கேட்கும், புகை வரும். கணிதம் ஓடாத பிள்ளைக்கு இந்தப் பாடம் கணிதத்துக்குப் போகிற பின்வாசல், அந்த வாசலையும் பூட்டி வைத்திருக்கிறோம்.

உங்களால் செய்யக் கூடியது என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். படிப்பிக்கும்போது உடைகிற உளியையும் தேய்கிற வாள் அலகையும் வெண்கட்டி மாதிரிப் பாருங்கள், வெண்கட்டி தேய்ந்ததற்கு எந்த ஆசிரியரும் காசு கட்டுவதில்லை. படிப்பிக்கிற சாமானுக்கென்று பாடசாலைக்கு வருகிற தர உள்ளீட்டுப் பணத்தில் ஒரு பங்கை மரத்துக்கும் தகட்டுக்கும் வயருக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். மரம் என்றால் தேக்கு வாங்கத் தேவையில்லை, சாமான் வந்திறங்குகிற பலகைப் பெட்டிகள் பழைய சாமான் கடைகளில் கிடக்கின்றன. கிழமையில் ஒரு தடவையாவது இரட்டைப் பாடவேளை கொடுங்கள், 40 பிள்ளையையும் ஒன்றாக உள்ளே விடாமல் பாதிப் பேர் வெளியே கீற, பாதிப் பேர் உள்ளே செய்யட்டும். கண்ணாடி போடாமல் துளைபொறிக்குக் கிட்டப் போகக் கூடாது, நீளத் தலைமுடியை இறுகக் கட்ட வேண்டும், முதன்மை ஆளி எங்கே என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும், இதை முதல் நாளே படிப்பித்துவிட்டால் விபத்துப் பயம் பாதி போய்விடும், என் பட்டறையில் நான் செய்வது அதைத்தான்.

ஆசிரியர் போதாத இடங்களுக்கு ஊரில் இருக்கிற ஆட்களைக் கூப்பிடுங்கள். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய் என்று ஐந்து வலயம் இருக்கிறது, ஐந்திலும் பைபர் படகு கட்டுகிறவரோ உழவு இயந்திரம் திருத்துகிறவரோ நல்ல தச்சரோ மேசனோ இல்லாமலா போய்விட்டார்கள். வளவாளர் என்று ஒரு பெயர் கொடுத்து, தவணைக்கு இரண்டு நாள் கூப்பிட்டால் வருவார்கள். சம்பளம் கேட்க மாட்டார்கள், பள்ளிக்கூடம் எங்களை மதித்துக் கூப்பிட்டது என்பதே பலருக்குப் பெரிய விஷயம். பாடத்தை ஆசிரியர் நடத்தட்டும், உளியை எப்படித் தீட்டுவது என்பதை அவர்கள் காட்டட்டும்.

என் பங்கை இப்போதே சொல்லி விடுகிறேன். என்னிடம் மேலதிகமாக ஒரு வைஸ் இருக்கிறது, கழற்றி எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். கழற்றிப் பூட்டிப் பழக ஒரு பழைய 8 குதிரைவலு எஞ்சின் இருக்கிறது, ஓடாது, ஆனால் உள்ளுறுப்பு எல்லாம் முழுதாக உண்டு. எந்தப் பாடசாலை முதலில் தன் பட்டறை அறையைத் திறக்கிறதோ அங்கே இரண்டையும் நானே கொண்டு வந்து இறக்குகிறேன். சனிக்கிழமைகளில் காலை பட்டறையில் பெரிய வேலை வைப்பதில்லை, ஆசிரியர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால் பத்துப் பேருக்கு இடம் இருக்கிறது.

மகளின் படிவத்தை வருகிற வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். இயந்திரத் தொழினுட்பவியல் என்று அவளே தன் கையால் எழுதிவிட்டாள், கீழே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் திருத்துகிற ஒரு தகப்பன்,
திருகோணமலை.